சிக்கிக்கொண்ட கர்னல் மாட்யூலைக் கழற்றுவது எப்படி: ரீபூட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. கோடில் ஒரு வரியை மாற்றி, மேக் ஓட்டி, பழைய மாட்யூலை (ஓடும் கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டை)க் கழற்றலாம் என்று ஆர்எம்மாட் கட்டளையை அடித்தால், மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது என்று பதில் வருகிறது. யார் பயன்படுத்துகிறார்கள்? அந்த மெஷினில் லாகின் ஆகியிருப்பதே நீங்கள் ஒருவர்தான். இல்லையென்றால் இன்னும் மோசம்: ஆர்எம்மாட் எந்தப் பதிலும் சொல்லாமல் அப்படியே நின்றுவிடும், கன்ட்ரோல்-சி வேலை செய்யாது, கில் மைனஸ் ஒன்பதும் வேலை செய்யாது.

நான் பிசிஐஇ கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தபோது இந்த நிலை வந்தால் யோசிக்காமல் ரீசெட் பட்டனை அமுக்கிவிடுவேன். அந்த டெஸ்ட் மெஷின் மெமரியைச் சோதித்து, கார்டுகளை எண்ணி, பிராம்ப்ட் வருவதற்கு நாலு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு இருபது தடவை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போன நேரம்கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு ரீசெட்டிலும் பிழை எங்கே என்று காட்டக்கூடிய தடயத்தையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. சிக்கிக்கொண்ட மாட்யூல் ஏன் சிக்கியது என்பதற்கான விடை அந்த நேரத்தில் மெஷினுக்குள்ளேயேதான் இருக்கிறது, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். மாதிரி மாட்யூலின் பெயர் டெமோகார்ட்.

கர்னல் எதைப் பார்த்து மறுக்கிறது

ஆர்எம்மாட் கடைசியில் டிலீட்_மாட்யூல் என்ற சிஸ்டம் காலைத்தான் (ப்ரோகிராம் கர்னலிடம் வைக்கும் கோரிக்கையை) அழைக்கிறது. அது வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கும். முதல் கேள்வி, வேறு மாட்யூல் எதுவும் இதைச் சார்ந்திருக்கிறதா. இரண்டாவது, இந்த மாட்யூல் லைவ் நிலையில் இருக்கிறதா, அதாவது மாட்யூலை ஏற்றும்போது ஓடும் இனிட் ஃபங்ஷன் முழுசாக முடிந்து, இன்னும் கழற்றத் தொடங்காமல் இருக்கிறதா. மூன்றாவது, இனிட் இருந்தும், கழற்றும்போது ஓட வேண்டிய எக்சிட் ஃபங்ஷன் இல்லாத மாட்யூலா. நான்காவது, ரெஃபரன்ஸ் கவுன்ட், அதாவது மாட்யூலைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை, பூஜ்யமா. நான்கையும் தாண்டினால்தான் உங்கள் எக்சிட் ஓடும், அது திரும்பி வந்த பிறகுதான் மாட்யூலின் மெமரி விடுவிக்கப்படும்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ் செய்வது, அதாவது கட்டாயப்படுத்திக் கழற்றுவது, எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பது இதிலேயே இருக்கிறது. ஃபோர்ஸ் கொடி மூன்றாவது, நான்காவது கேள்விகளைத்தான் தாண்டிப் போகும். முதல் இரண்டுக்கும் அது செல்லாது.

ரெஃபரன்ஸ் கவுன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை. பழைய கர்னல்களில் டிரைவரே மாட்_இன்க்_யூஸ்_கவுன்ட் என்ற மேக்ரோவைத் தன் ஓப்பன் ஃபங்ஷனுக்குள் போட்டுக்கொள்ளும். எண்ணிக்கையைக் கூட்டுகிற கோடே மாட்யூலுக்குள் இருப்பதால், அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் மாட்யூல் கழன்றுபோக ஒரு சின்ன இடைவெளி உண்டு. பிறகு இது மாறியது. உங்கள் ஃபைல்_ஆபரேஷன்ஸ் கட்டமைப்பில் ஓனர் என்று ஒரு புலம் இருக்கிறது, அதில் திஸ்_மாட்யூல் என்று போட்டுவிட்டால், உங்கள் கோடுக்குள் நுழையும் முன்பே கர்னல் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். ஆகவே கவுன்ட் ஒன்று என்றால், யாரோ இன்னும் உங்கள் கோடுக்குள் வரலாம் என்று கர்னல் நினைக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சரியாகத்தான் நினைக்கும்.

முதலில் நிலையைப் படியுங்கள்

ஏற்றிய மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் போதாது. /ப்ராக்/மாட்யூல்ஸ் ஃபைலில் உங்கள் மாட்யூலின் வரியைத் தேடி எடுங்கள். பெயர், அளவு, கவுன்ட், சார்ந்திருக்கும் மாட்யூல்கள், நிலை, முகவரி என்று அந்த வரி போகும். அளவும் முகவரியும் இப்போது வேண்டாம்.

கவுன்ட்டுக்குப் பக்கத்தில் வேறு மாட்யூலின் பெயர் இருந்தால் பிரச்சினையே இல்லை, அதை முதலில் கழற்றுங்கள். மாட்ப்ரோப் மைனஸ் ஆர் கொடுத்தால், டெமோகார்ட்டோடு சேர்ந்து ஏறிய, இப்போது யாருக்கும் தேவைப்படாத மாட்யூல்களையும் அதுவே இறக்கிவிடும். பெர்மனென்ட் என்று சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், மாட்யூல்_எக்சிட் வரியை எழுத மறந்திருக்கிறீர்கள். எக்சிட் இல்லாத மாட்யூலை ஃபோர்ஸ் செய்து கழற்றினால் இன்டரப்டும் டைமரும் அப்படியே பதிவில் இருக்க, அவை சுட்டுகிற கோடு மட்டும் காணாமல் போகும். ரீபூட் செய்து, வரியைச் சேர்த்து, வேலையைப் பாருங்கள்.

மிச்சம் மூன்று நிலைகள். லைவ், ஆனால் கவுன்ட் பூஜ்யம் இல்லை. லோடிங். அன்லோடிங். இதில் முதலாவதில்தான் நம் கையில் செய்ய நிறைய இருக்கிறது.

லைவ், ஆனால் யாரோ பிடித்திருக்கிறார்கள்

டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருப்பது யார் என்று ஃப்யூசர் மைனஸ் வி கொடுத்துப் பாருங்கள், எல்எஸ்ஓஎஃப் என்றாலும் சரி. ரூட்டாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களின் ப்ராசஸ்கள் கண்ணில் படாது. என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது நம் டெஸ்ட் ஸ்கிரிப்ட் பெற்றுப்போட்ட பிள்ளைகள்தான். பைதானில் டிவைஸைத் திறந்துவிட்டு, ஃபோர்க் செய்து ஒரு லாகர் ப்ராசஸை விட்டிருப்போம், தாய் ப்ராசஸ் செத்துப் போயிருக்கும், குழந்தை திறந்த ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னணியில் உட்கார்ந்திருக்கும். எம்மேப் செய்த (ஃபைலைத் தன் மெமரியில் மேப் செய்துகொண்ட) ப்ராசஸும் இப்படித்தான்: ஃபைலை குளோஸ் செய்துவிட்டாலும் மேப்பிங் இருக்கும்வரை பிடி விடாது. எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் எஃப்டி எண் (திறந்த ஃபைலின் எண்) இருக்க வேண்டிய இடத்தில் மெம் என்று வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காமலே உள்ளே நுழைகிறவர்கள். சீரியல் டிரைவர் என்றால் மோடம்மேனேஜர் புது டிடிஒய்-யைக் கண்டதும் திறந்து பார்க்கும். சவுண்ட் டிரைவர் என்றால் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ கன்ட்ரோல் டிவைஸைப் பிடித்திருக்கும், கொன்றாலும் சிஸ்டம்டி மறுபடி எழுப்பிவிடும், ஆகவே சர்வீஸையும் அதன் சாக்கெட் யூனிட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் என்றால் டெஸ்க்டாப்பை நிறுத்தினாலும் போதாது, ஃப்ரேம்பஃபர் கன்சோல் பிடித்துக்கொண்டிருக்கும். /சிஸ்/கிளாஸ்/விடிகன்சோல் அடியில் அதற்குரிய விடிகானின் பைண்ட் ஃபைலில் பூஜ்யத்தை எழுதினால் விடும். இதை எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்யுங்கள், ஏனென்றால் திரை அந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்.

பிளாக் டிவைஸ், ஃபைல் சிஸ்டம் டிரைவர்களில் பிடித்திருப்பது ப்ராசஸாகவே இருக்காது. மவுண்ட், ஸ்வாப், லூப் டிவைஸ், டிவைஸ்-மேப்பர் எல்லாம் கர்னலுக்குள்ளிருந்தே பிடிப்பவை, ஃப்யூசரின் சாதாரணப் பட்டியலில் வராது. இதில் ரொம்பப் படுத்துவது கன்டெய்னர். உங்கள் ஷெல்லில் அன்மவுண்ட் செய்துவிட்டீர்கள், ஃபைண்ட்மவுண்ட்டிலும் இல்லை, ஆனால் வேறொரு மவுண்ட் நேம்ஸ்பேஸில் (கன்டெய்னருக்கென்று தனியாக இருக்கும் மவுண்ட் பட்டியலில்) அதே மவுண்ட்டின் பிரதி உயிரோடு இருக்கிறது. /ப்ராக் அடியில் எல்லா ப்ராசஸ்களின் மவுண்ட்இன்ஃபோ ஃபைல்களிலும் டிவைஸ் பெயரை க்ரெப் செய்தால் கையும் களவுமாக மாட்டும்.

நெட்வொர்க் டிரைவர் மட்டும் தனி ரகம். இன்டர்ஃபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கவுன்ட் பூஜ்யமாகவே இருக்கும், ஆர்எம்மாட் மறுக்காது. சிக்கல் வேறு இடத்தில் வரும்: இன்டர்ஃபேஸைப் பதிவு நீக்கும்போது அதன் சொந்த ரெஃபரன்ஸை யாராவது விடாமல் வைத்திருந்தால், அன்ரெஜிஸ்டர்_நெட்டிவைஸ் காத்திருக்கிறது என்று டிமெசேஜில் (கர்னலின் பதிவில்) பத்து விநாடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும்.

யாருமே பிடிக்கவில்லை, கவுன்ட் மட்டும் இருக்கிறது

அப்படியானால் கசிவு. எங்கோ கவுன்ட்டைக் கூட்டும் டிரை_மாட்யூல்_கெட் நடந்திருக்கிறது, அதற்கு இணையாகக் குறைக்கும் மாட்யூல்_புட் நடக்கவில்லை. கோடைக் கண்ணால் தேடுவதைவிட நல்ல வழி ஒன்று கர்னலிலேயே இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது.

/சிஸ்/கர்னல்/டிரேசிங்/ஈவன்ட்ஸ்/மாட்யூல் என்ற டைரக்டரிக்குள் மாட்யூல்_கெட், மாட்யூல்_புட் என்று இரண்டு டிரேஸ்பாயின்ட்கள் (நடப்பதைப் பதிவு செய்யக் கர்னலில் வைத்திருக்கும் இடங்கள்) உண்டு. இரண்டின் ஃபில்டர் ஃபைலிலும் நேம் சமம் டெமோகார்ட் என்று எழுதுங்கள், எனேபிள் ஃபைலில் ஒன்றை எழுதுங்கள். பிறகு மாட்யூலை ஏற்றி, பிழை வரவைக்கும் டெஸ்ட்டை ஓட்டி, டிரேஸ் ஃபைலைப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்த ப்ராசஸ், கோடின் எந்த இடத்திலிருந்து அழைத்தது, அழைத்த பின் கவுன்ட் என்ன என்று மூன்றும் இருக்கும். கெட் வரிகளையும் புட் வரிகளையும் ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டே வந்தால், ஜோடி இல்லாமல் நிற்பதுதான் குற்றவாளி. ஒரே ஒரு குறை, கசிந்த பிறகு இதை ஆன் செய்து பயனில்லை. மாட்யூலை ஏற்றும் முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் பூட் ஸ்கிரிப்ட்டிலேயே போட்டுவிடுகிறேன்.

என் டிரைவரில் இதில் மாட்டியது நானே. எங்கோ பழைய கோடைப் பார்த்து எழுதிய பழக்கத்தில், ஓனர் புலம் போட்டிருந்தும் ஓப்பன் ஃபங்ஷனுக்குள் கைப்பட ஒரு டிரை_மாட்யூல்_கெட், ரிலீஸுக்குள் ஒரு மாட்யூல்_புட் வைத்திருந்தேன். கார்டு பிஸியாக இருந்தால் ஓப்பன் பிழை எண்ணோடு திரும்பிவிடும். ஓப்பன் தோற்றால் ரிலீஸ் அழைக்கப்படாது! ஆகவே தோற்ற ஒவ்வொரு ஓப்பனுக்கும் ஒரு கவுன்ட் கசிந்துகொண்டே இருந்தது. கர்னல் தன் பங்குக்குக் கூட்டியதைத் தானே ஒழுங்காகக் குறைத்துக்கொண்டது, நான் கூட்டியதுதான் அப்படியே நின்றது. இரண்டு வரிகளையும் அழித்தேன், சரியாகிவிட்டது. ஓனர் போட்ட இடத்தில் கைப்பட கவுன்ட் எண்ணாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஓனரை எங்குமே போடாமல் விட்டால் டிவைஸ் திறந்திருக்கும்போதே கவுன்ட் பூஜ்யமாக இருக்கும், ஆர்எம்மாட் சிரித்த முகத்தோடு கழற்றிக் கொடுக்கும், அடுத்த ரீட் வந்ததும் மெஷின் விழும். குடியிருப்பவரை வெளியே அனுப்பாமல் வீட்டை இடிப்பது போலத்தான்.

சரி, கசிவுதான் என்று உறுதியாகிவிட்டது, இப்போதைக்கு எப்படியாவது கழற்ற வேண்டும் என்றால்? ஃபோர்ஸுக்கு நியாயமான ஒரே இடம் இது என்பது என் கருத்து. கான்ஃபிக்_மாட்யூல்_ஃபோர்ஸ்_அன்லோட் ஆன் செய்து பில்ட் செய்த கர்னலில்தான் ஆர்எம்மாட் மைனஸ் எஃப் வேலை செய்யும், /பூட் டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தபின் கர்னலில் ஆர் என்ற டெய்ன்ட் எழுத்து (இந்தக் கர்னல் கறைபட்டது என்ற குறி) விழும், /ப்ராக்/சிஸ்/கர்னல்/டெய்ன்டட் எண்ணில் 8 சேரும். அதற்குப் பிறகு வருகிற எந்த ஊப்ஸையும் (கர்னலின் பிழை அறிக்கையையும்) நம்பி நேரத்தைச் செலவழிக்காதீர்கள், யாருக்கும் பக் ரிப்போர்ட்டாக அனுப்பவும் செய்யாதீர்கள்.

கவுன்ட்டைக் குறைப்பதற்கென்றே ஒரு சின்ன உதவி மாட்யூல் எழுதும் தந்திரம் பழைய கோடுகளில் காணப்படும். அது கர்னலின் உள் பெயர்களை முகவரியாக மாற்ற நம்பியிருக்கும் கேஆல்சிம்ஸ்_லுக்கப்_நேம் 5.7 கர்னலிலிருந்து மாட்யூல்களுக்குக் கிடைப்பதில்லை, ஆகவே அப்படியே எடுத்து ஒட்டினால் பில்டே ஆகாது. நல்லதுதான்.

ஆர்எம்மாட் தொங்கி நிற்கிறது

இதுதான் உண்மையான டிபக்கிங். நிலை அன்லோடிங் என்றும் கவுன்ட் மைனஸ் ஒன்று என்றும் காட்டும். உங்கள் எக்சிட் ஃபங்ஷன் ஓடத் தொடங்கிவிட்டது, திரும்பி வரவில்லை. பிஎஸ்-இல் ஆர்எம்மாட் ப்ராசஸின் நிலையைப் பாருங்கள், டி என்றிருந்தால் அது சிக்னலுக்கு அசையாத தூக்கத்தில் இருக்கிறது.

வேறொரு டெர்மினலில் ரூட்டாக /ப்ராக் அடியில் அந்த ப்ராசஸ் எண்ணின் ஸ்டாக் ஃபைலைப் படியுங்கள். எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று பட்டியலாக வரும். ஸ்டாக் ஃபைல் இல்லாத கர்னல் என்றால் /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-டிரிகர் ஃபைலில் டபிள்யூ என்ற எழுத்தை எழுதுங்கள், டி நிலையில் உள்ள எல்லா டாஸ்க்குகளின் ஸ்டாக்கும் டிமெசேஜில் கொட்டும். ஒன்றுமே செய்யாவிட்டாலும், ஹங்-டாஸ்க் கண்காணிப்பு ஆன் செய்த கர்னலில் பெரும்பாலும் 120 விநாடியைத் தாண்டியதும் அதுவே எச்சரிக்கை போடும்.

ஸ்டாக்கின் உச்சியில் கேத்ரெட்_ஸ்டாப் இருந்தால், உங்கள் கர்னல் த்ரெட் நிற்கச் சொன்னதைக் கவனிக்கவில்லை. ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு இது: லூப்பில் கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப் கேட்டிருப்போம், ஆனால் லூப்புக்குள் த்ரெட் தூங்குவது வெயிட்_ஈவன்ட்டில். கேத்ரெட்_ஸ்டாப் த்ரெட்டைத் தட்டி எழுப்பத்தான் செய்கிறது, எழுந்த த்ரெட் தன் நிபந்தனையைப் பார்க்கிறது, டேட்டா வரவில்லை, மறுபடி படுத்துவிடுகிறது. வெயிட்_ஈவன்ட்டின் நிபந்தனைக்குள்ளேயே ‘அல்லது’ குறி (||) போட்டு கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப்பையும் சேர்க்க வேண்டும்.

கேன்சல்_வொர்க்_சின்க்கில் (பின்னணியில் ஓட விட்ட வேலை முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷனில்) நிற்கிறது என்றால் ஆர்எம்மாட்டின் ஸ்டாக் பாதிக் கதைதான் சொல்லும். மறுபாதி அந்த வேலையை ஓட்டும் கேவொர்க்கர் த்ரெட்டின் ஸ்டாக்கில் இருக்கிறது, டபிள்யூ கொட்டியதில் அதையும் தேடுங்கள். வழக்கமான கதை: எக்சிட் ஒரு மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டை)க் கையில் வைத்துக்கொண்டு வொர்க் முடியக் காத்திருக்கிறது, வொர்க் அதே மியூட்டெக்ஸுக்காகக் காத்திருக்கிறது. கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங் ஆன் செய்த கர்னலில் லாக்டெப் என்ற பூட்டுச் சோதனை இதை நிஜமாகத் தொங்குவதற்கு முன்பே சொல்லிவிடும். ஃப்ரீ_ஐஆர்க்யூவில் நின்றால் இன்டரப்ட் ஹேண்ட்லர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் ஹார்ட்வேர் ரெஜிஸ்டரில் ஒரு பிட் மாறும் என்று எல்லையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

மெஷினை விழவைக்காமல் மீட்க முடியுமா? சில நேரம் முடியும். காத்திருக்கும் நிபந்தனையை வெளியிலிருந்து உண்மையாக்க வழி இருந்தால் போதும். யுஎஸ்பி டிவைஸ் என்றால் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், நிலுவையில் இருந்த யூஆர்பி (யுஎஸ்பி கோரிக்கை) பிழையோடு முடிந்து, காத்திருப்பு கலையலாம். நான் டிபக் பில்டுகளில் டிபக்எஃப்எஸ்ஸில் (டிபக் ஃபைல்களுக்கான ஃபைல் சிஸ்டத்தில்) கிக் என்று ஒரு ஃபைல் வைக்கிறேன், அதில் எழுதினால் வெயிட் க்யூவின் நிபந்தனையைச் செட் செய்து எல்லோரையும் எழுப்பிவிடும். எக்சிட்டில் அந்த ஃபைலைக் கடைசியாக நீக்க வேண்டும், முதலிலேயே நீக்கிவிட்டு அப்புறம் அதைத் தேடிய கூத்தும் நடந்திருக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று: பதற்றத்தில் இன்னொரு டெர்மினலிலிருந்து, டிரைவரை டிவைஸிலிருந்து பிரிக்கும் அன்பைண்ட் ஃபைலில் எழுதுவது, அல்லது பிசிஐ ரிமூவ் ஃபைலில் ஒன்றை எழுதுவது. டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் ஓடும்போது அந்த டிவைஸின் லாக் பிடிக்கப்பட்டிருக்கும், ஆகவே இரண்டாவது டெர்மினலும் அதன் பின்னால் வரிசையில் போய் நிற்கும். மூன்றாவதும் அப்படியே.

இனிட் அல்லது எக்சிட்டிலேயே ஊப்ஸ்

இனிட்டில் நல் பாயின்டரைத் தொட்டால் இன்ஸ்மாட் ப்ராசஸ் கொல்லப்படும், மாட்யூல் லோடிங் நிலையிலேயே உறைந்துவிடும். எக்சிட்டில் நடந்தால் அன்லோடிங்கில் உறையும். இந்த இரண்டிலும் ஃபோர்ஸ் பலிக்காது, லைவ் இல்லையென்றால் இரண்டாவது கேள்வியிலேயே மறுப்பு வந்துவிடும் என்று மேலே சொன்னேன். இனிட் எதுவரை ஓடியது, எதைத் திருப்பிக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியாதபோது கர்னல் வேறென்ன செய்யும்? ரீபூட்தான்.

ஆனால் இனிட்டில் வேலை குறைவாக இருந்தால் இது குறைவாக நடக்கும். பிசிஐ டிரைவர்களில் இனிட் செய்வது பதிவு மட்டும்தான், ஆனால் டிவைஸ் ஏற்கனவே செருகியிருந்தால் அதைத் தொடக்கி வைக்கும் ப்ரோப் ஃபங்ஷனும் அதே அழைப்புக்குள் ஓடிவிடும். /சிஸ்/பஸ்/பிசிஐ அடியில் டிரைவர்ஸ்_ஆட்டோப்ரோப் ஃபைலில் பூஜ்யத்தை எழுதிவிட்டு மாட்யூலை ஏற்றினால், இனிட் நிம்மதியாக முடியும். பிறகு டிரைவர் டைரக்டரியின் பைண்ட் ஃபைலில் கார்டின் முகவரியை எழுதி ப்ரோபைத் தனியாக ஓட்டலாம். ப்ரோப் பிழை எண்ணோடு திரும்பினால், மாட்யூலைக் கழற்றாமலே பலமுறை திரும்பத் திரும்ப முயலலாம்.

ரீபூட் செய்வதென்று முடிவெடுத்தால் முதலில் டிமெசேஜை வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். டி நிலையில் ப்ராசஸ் இருந்தால் சாதாரண ரீபூட்டும் அதற்காகக் காத்துக் கிடக்கலாம், அதனால் சிஸ்ஆர்க்யூவில் எஸ், யு, பி என்று வரிசையாக எழுதிவிடுகிறேன்: டிஸ்க்கில் எழுதி முடி, ரீட்-ஒன்லியாக மாற்று, பூட் செய்.

கழன்ற பிறகு வரும் விபத்து

மாட்யூல் அமைதியாகக் கழன்றது, ஐந்து விநாடி கழித்து மெஷின் விழுகிறது. ஊப்ஸில் மாட்யூல்களின் பட்டியல் வரியின் கடைசியில் கடைசியாகக் கழற்றப்பட்டது டெமோகார்ட் என்று போட்டிருக்கும். டைமரையோ, வொர்க்கையோ, ஆர்சியூ கால்பேக்கையோ (கர்னல் பிற்பாடு அழைக்கும் ஃபங்ஷனையோ) நிறுத்தாமல் போயிருக்கிறீர்கள். எக்சிட்டை எழுதும்போது முதலில் வாசலை மூடுங்கள், அதாவது மிஸ்க்_டிரெஜிஸ்டர் போன்றவை. அப்புறம் உள்ளே ஓடுபவர்களை நிறுத்துங்கள்: இன்டரப்ட், டைமர், வொர்க், த்ரெட். மெமரியை அதற்குப் பிறகுதான் விட வேண்டும். டைமரும் வொர்க்கும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொள்ளும் டிரைவர்களில் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது மறுபடி உயிர்ப்பிக்கும், அதற்கென்றே 6.2-இல் டைமர்_ஷட்டவுன்_சின்க் வந்தது. கால்_ஆர்சியூ பயன்படுத்தியிருந்தால் கடைசியில் ஆர்சியூ_பேரியர் கட்டாயம்.

எங்கே வைத்து இதையெல்லாம் செய்வது

உங்கள் சொந்த லேப்டாப்பில் வேண்டாம். க்யூஈஎம்யூவில் கெஸ்ட் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) ஒன்றை வைத்து, மாட்யூல் பில்ட் ஆகும் டைரக்டரியை 9பி வழியாகப் பகிர்ந்து, பூட் ஆனதும், அந்தப் பகிர்வை கெஸ்ட்டில் மவுண்ட் செய்யும் முன்பே சேவ்விஎம் (அந்த நிலையின் ஸ்னாப்ஷாட்) எடுத்து வையுங்கள், மவுண்ட் ஆகியிருந்தால் அது மறுக்கப்படும். மாட்யூல் உறைந்தால் லோட்விஎம், விநாடிகளில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நிஜக் கார்டு வேண்டுமென்றால் அதை விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவரிடம் ஒப்படைத்து கெஸ்ட்டுக்குள் கொடுக்கலாம். அப்போது ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் எடுக்க முடியாது, ஆனாலும் கெஸ்ட்டை மட்டும் ரீபூட் செய்வது என் நாலு நிமிடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த கெஸ்ட் கர்னலில் லாக்டெப், கேஏசான் (மெமரிப் பிழைகளைப் பிடிப்பது), ஹங்-டாஸ்க் மூன்றையும் ஆன் செய்து வையுங்கள், மெதுவாக ஓடினால் ஓடட்டும்.

கோடைத் திருத்திவிட்டேன் என்று தோன்றியதும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ஒரு ஷெல் லூப்பில் இருநூறு முறை ஏற்றி இறக்குங்கள், பக்கத்து டெர்மினலில் இன்னொரு லூப் டிவைஸை விடாமல் திறந்து மூடிக்கொண்டே இருக்கட்டும். நடுவில் சில ஆர்எம்மாட்கள் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கப்படும், அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். கசிவைத் திருத்திய அன்று இந்த லூப்பை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் ஆர்எம்மாட் கேத்ரெட்_ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது. மேலே சொன்ன வெயிட்_ஈவன்ட் பிழை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.